நடக்காத சந்திப்பு

போன மாதம் தருமபுரியில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். வெளியுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் அரூரில் ஒருத்தன் இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு, ‘வெளியுறவுக் கோட்பாடுகள்’. போனேன். முன்வரிசையில் இருந்த பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அணிசேராமைக்கும் இப்போது எல்லோரும் சொல்கிற புதுக் கொள்கைக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து பாயிண்டாகச் சொல்லிவிடுங்கள் சார் என்றாள். மூன்று சொன்னேன். மீதி இரண்டை அவளே சொன்னாள், என்னைவிட நன்றாகவே சொன்னாள். சால்வை போர்த்தினார்கள். அரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அப்படி ஒரு அசதி வந்தது.

வேலைக்காலம் முழுக்க நானும் பாயிண்டுகள்தான் எழுதினேன். ஒரு நாடு எந்தக் கோட்பாட்டை வைத்திருக்கிறது என்பது மேலே முடிவாகிறது. அதைச் சுமந்துகொண்டு போய் ஒரு மேசையில் இறக்கி வைப்பவன் என்னைப் போன்ற ஒருவன். அவனுக்கு அது கழுத்துவலியாகத்தான் ஞாபகம் இருக்கும். அந்தக் கூடத்தில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஒரு நாடு, அவ்வளவு போதும். பயம் கொஞ்சம், பழக்கம் மீதி.

நான் அரூருக்கும் தீர்த்தமலைக்கும் நடுவில் ஒரு கத்தோலிக்க விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். பட்டம் முடித்து, தேர்வு எழுதி, டெல்லியில் உதவியாளராகச் சேர்ந்தேன். தட்டச்சு, சங்கேதப் பிரிவு, குளிர், இந்தி, மறுபடியும் குளிர் என்று முதல் சில வருடங்கள் போயின. பிறகு ஊர் ஊராகத் தூதரகங்கள். பதவி மெல்ல மெல்ல ஏறி, நான் சொல்லவரும் காலத்தில் இரண்டாம் செயலாளர். சிறிய தூதரகம் என்பதால் விசா, சிறைக் கைதிகள், சவப்பெட்டி, குடியரசு தின இட்லி எல்லாம் என் தலையில்.

எங்கள் தூதர் ஒல்லியான மனிதர். பென்சில் மட்டும்தான் வைத்திருப்பார். நாங்கள் எழுதிக்கொண்டு போகும் வரைவைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வறுத்த நிலக்கடலை இருக்கும். ஒவ்வொன்றாகத் தோல் நீக்கி வாயில் போட்டுக்கொண்டே படிப்பார். கடலை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தால் எல்லாம் சரி. கை கிண்ணத்திலேயே நின்றுவிட்டால் ஒரு வாக்கியம் தப்பு என்று அர்த்தம். எந்த வாக்கியம் என்று அவர் சொல்ல மாட்டார். நாமே திரும்ப எழுதிக்கொண்டு போக வேண்டும். அவரிடம் நான் கற்ற தொழில் பெரும்பாலும் அந்தக் கையைப் பார்த்துக் கற்றதுதான்.

இந்தத் தொழிலில் கவலைக்குப் படிக்கட்டு உண்டு. ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்பது முதல் படி. அதற்கு மேலே ‘கவலை’, அதற்கும் மேலே ‘ஆழ்ந்த கவலை’. ‘கண்டனம்’ மொட்டை மாடி. அங்கே ஏறிவிட்டால் இறங்குவது கஷ்டம் என்பார் தூதர். ஒரு அரசுக்குத் தூதரகம் எழுதும் குறிப்பு, வணக்கம் சொல்லித் தொடங்கி வணக்கம் சொல்லித்தான் முடிய வேண்டும். நடுவில் தூதரகத்தையே மூடிவிட்டுப் போகிறோம் என்று இருந்தாலும் மேலும் கீழும் வணக்கம் கட்டாயம். கையெழுத்துக் கிடையாது. முத்திரையும் அதன் மேல் ஒரு சுருக்கொப்பமும் மட்டும். கையெழுத்து மனிதன் போடுவது, இது தேசம் பேசுவது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

அந்த நாடு அப்போது இரண்டாகக் கிடந்தது. தலைநகரும் மேற்கும் ஒரு அரசின் கையில். நடுவில் ஒரு ஆறு. ஆற்றுக்குக் கிழக்கே கிளர்ச்சிக்காரர்கள் தங்களை ஒரு அரசு என்று அறிவித்து, கொடி தைத்து, மந்திரிகளையும் வைத்திருந்தார்கள். நம் நாடு மேற்கை மட்டும்தான் அங்கீகரித்திருந்தது. கிழக்கோடு பேசக் கூடாது, எழுதக் கூடாது, ஒரே அறையில் நிற்கவும் கூடாது. விருந்துகளில் அவர்கள் ஆள் யாராவது வந்துவிட்டால் கையைக் கோத்துப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். கை குலுக்கிய படம் பத்திரிகையில் வந்தால் அதற்கு விளக்கம் எழுத என் போன்றவன்தான் உட்கார வேண்டும்.

அந்தக் கிழக்கில்தான் மாதேஷ் மாட்டிக்கொண்டார். பென்னாகரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் டிரில்லர். நம் பக்கத்துப் போர் வண்டிகள் போகாத தேசம் இல்லை. திருச்செங்கோட்டு முதலாளி ஒருவர் தன் வண்டியைக் கப்பலேற்றி அந்த நாட்டுக்கு அனுப்பியிருந்தார். ஆற்றுக்கு அப்பால் ஒரு ஆஸ்பத்திரியில் குழி போட்டுக்கொண்டிருந்தபோது சண்டை வந்துவிட்டது. கூட இருந்த ஆட்கள் எல்லாரும் ஓடிப் படகேறித் தப்பித்துவிட்டார்கள். இவர் ஓடவில்லை. குழிக்குள் துளை போடும் இரும்பு ராடுகள் இருந்தன. ராடை உள்ளே விட்டுவிட்டு வண்டியை நகர்த்துவது அந்தத் தொழிலில் பெரிய கேவலம். ஒவ்வொன்றாக உருவி எடுத்து அடுக்கிவிட்டுப் போகலாம் என்று நின்றிருக்கிறார். கடைசி ராடு மேலே வந்தபோது சுற்றிலும் துப்பாக்கி. ஆளையும் வண்டியையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஒரு காரணத்துக்காகச் சிக்கியிருக்க மாட்டான்.

அவர் உயிரோடு இருக்கும் செய்தி ஒரு பாதிரியார் மூலம் வந்தது. அந்த நாட்டுக்காரர், வயதானவர், ஆற்றின் மேற்குக் கரையில் சிறிய பங்கு ஒன்றின், அதாவது ஒரு கோயில் வட்டாரத்தின், குரு. ஞானஸ்நானம் கொடுக்கவும் பூசை வைக்கவும் இரண்டு கரைக்கும் போய்வருவார். இரண்டு பக்கத்துத் துப்பாக்கிகளும் அவர் படகுக்கு வழி விடும். கிழக்கின் கோரிக்கையையும் அவர்தான் கொண்டுவந்தார். அவர்கள் பணம் கேட்கவில்லை. தூதரகம் தன் தாளில், ‘மாண்புமிகு வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கு’ என்று விலாசமிட்டு ஒரு கடிதம் எழுதினால் போதும், மறுநாளே ஆளை அனுப்பிவிடுகிறோம் என்றார்கள்.

டெல்லிக்கு எழுதினோம். நம் நிலைப்பாட்டில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினோம். அதே வாக்கியம் வந்தது. சின்னமும் பெயரும் விலாசமும் இல்லாத வெறும் வெள்ளைத்தாளில் விவரத்தைத் தட்டச்சு செய்து பாதிரியாரிடம் கொடுத்தனுப்பினோம். தொழிலில் இதற்கும் வழி உண்டு. யாரும் எழுதாத, யாருக்கும் எழுதாத தாள் அது. தகப்பன் பெயர் இல்லாத தாளை நாங்கள் வாங்குவதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாதேஷின் மனைவி செல்வி தினமும் எனக்குப் போன் செய்வாள். தூதரகத்தில் அரூர்க்காரர் ஒருவர் இருக்கிறார் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று எனக்குப் பல நாள் குழப்பம். ஒரு நாள் அவளே உடைத்துக் கேட்டாள்.

“சாரு, அவங்க என்ன கேக்கறாங்கன்னு மறைக்காம சொல்லிடுங்க. வூட்ட வித்தாச்சும் குடுத்துடறனுங்க.”

“பணமெல்லாம் கேக்கலீங்கம்மா. நம்ம கவர்மெண்டு அவங்கள ஒரு கவர்மெண்டுன்னு தாள்ல எழுதித் தரணுமாம்.”



“அவ்ளோதானுங்களா? ஒரு வார்த்தைதானுங்களே சாரு. எழுதிக் குடுத்துடுங்களேன்.”

அந்த ஒரு வார்த்தை ஏன் முடியாது என்று அவளுக்கு விளக்கப் பார்த்தேன். இன்றைக்கு அங்கே எழுதினால் நாளைக்கு நம் எல்லையில் கொடி தைத்தவனுக்கு இன்னொரு நாடு எழுதும். நம் வீட்டைக் காப்பாற்றத்தான் அடுத்த வீட்டு விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறோம். இதெல்லாம் உண்மை. இன்றைக்கும் இது சரியான கொள்கை என்றுதான் சொல்வேன். ஆனால் அவள் முழுவதும் கேட்டுவிட்டு, சரிங்க சாரு என்று வைத்துவிட்டாள்.

சில நாள் கழித்துத் தூதர் கூப்பிட்டார். கிண்ணம் இருந்தது, கடலை தொடப்படாமல் இருந்தது. நீ கத்தோலிக்கன்தானே என்றார். ஆமாம் என்றேன். கடைசியாகப் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தது எப்போது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெகுநாள் ஆகிவிட்டது சார் என்று உண்மையைச் சொன்னேன். அது தப்பு, நல்ல பாதிரியாராகப் பார்த்துப் போய்ச் செய்துவிட்டு வா, ஆற்றங்கரையில் ஒருவர் இருக்கிறாராம் என்றார். பிறகு பென்சிலை எடுத்து மேசையில் உருட்டிக்கொண்டே சொன்னார். நீ விடுப்பில் போகிறாய். பார்க்கப்போவது அந்தப் பாதிரியாரை மட்டும். அவர் வீட்டில் வேறு விருந்தாளி இருந்தால் அது அவருடைய விருந்தாளி. அந்த ஆளிடம் நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேச வேண்டியதையெல்லாம் பாதிரியாரிடம் பேசு.

இப்படிப் பேச உனக்கு வருமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே கிணற்றுப் பங்காளிகள். ஏதோ ஒரு வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோனது. ஆனால் கிணறு பொது, மோட்டார் பொது, தண்ணீர் முறை பொது. காலையில் பெரியப்பா தன் களத்தில் நின்று நாயைப் பார்த்து, “இன்னிக்கு நமக்கு மொற மத்தியானத்துக்கு மேலதான்டா” என்பார். எங்கள் அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே மாட்டிடம், “அப்ப நாம வெள்ளனவே பாச்சிக்கலாம்” என்பார். கடைசிவரை இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. ஒரு நாள்கூட முறை தவறியதில்லை. இதைத் தூதரிடம் சொன்னேன். அவர் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஆற்றங்கரைக் கோயில் தகரக் கூரை போட்டது. பூசை முடிந்ததும் ஃபாதர் என்னைப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம். ஒரு நாற்காலியில் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து கிளர்ச்சியில் சேர்ந்தவராம். அவர்தான் கிழக்கின் வெளியுறவு அமைச்சர். நான் அவரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. ஃபாதர் நடுவில் உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

ஆற்றில் தண்ணீர் வற்றிவருவதைப் பற்றி ஃபாதரிடம் அவர் கொஞ்சம் பேசினார். பங்கில் எத்தனை குடும்பம் என்று ஃபாதரிடம் நான் கேட்டேன். பிறகு அவர் ஃபாதரைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஃபாதர், உங்கள் விருந்தாளியின் நாட்டுக்கு நாங்கள் இருப்பதே தெரியாதாமே, உண்மையா?”

ஆமாம் என்று சொன்னால் மாதேஷ் போய்விடுவார். இல்லை என்று சொன்னால் கொள்கை போய்விடும். ஃபாதர் என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

“ஃபாதர், நான் உங்களைப் பார்க்க வந்தவன். என் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். இந்த அறையில் மூன்று நாற்காலி இருக்கிறது. ஒன்றும் காலியாக இல்லை.”

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஃபாதரிடம், ஆஸ்பத்திரிக் குழி பாதியில் நிற்கிறது, நோயாளிகள் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், அந்த ஆள் குழியை முடித்துத் தண்ணீர் காட்டிவிட்டுப் போகட்டும், வண்டி மட்டும் எங்களிடம் இருக்கும் என்றார். வண்டிக்குச் சொந்தக்காரர் கத்துவார், ஆனால் அவர் ஃபாதரின் பங்கைச் சேர்ந்தவர் இல்லை என்று ஃபாதரிடம் சொன்னேன். ஃபாதர் சிரித்துவிட்டார். மூன்று பேரும் தண்ணீரைக் குடித்தோம். வந்த காரியத்தை மறந்துவிடக் கூடாது என்று பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மாதேஷ் குழியை முடித்தார். நல்ல தண்ணீர் பீறிட்டு வந்ததாம். ஃபாதர் தன் படகிலேயே அவரைக் கூட்டிவந்து விட்டார். தூதரகத்தில் அவர் வந்து நின்றபோது முகமெல்லாம் தாடி. வூட்டுக்குப் பேசணுங்க சாரு என்று மட்டும் கேட்டார். போனில் செல்வி அழுதது மேசைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. கொள்கைக்கும் கீறல் இல்லை, ஆளும் வந்தாயிற்று என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியாத சந்தோஷம். கதை இதோடு முடிந்திருந்தால் பயிற்சி மையத்தில் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

மழைக்காலம் வருவதற்குள் ஃபாதரைக் கைது செய்துவிட்டார்கள். மேற்கு அரசின் ஆட்கள்தான். கிளர்ச்சிக்காரர்களின் ஆளைத் தன் வீட்டில் உட்காரவைத்து யாருடனோ பேசவைத்தார் என்று குற்றச்சாட்டு. யாருடன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதைத்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் தூதரின் அறைக்கு ஓடினேன். கோபமாகத்தான் பேசினேன். நம் ஆளைக் காப்பாற்றியவர் சார், நாம் ஏதாவது செய்தாக வேண்டும் என்றேன். உட்கார், எழுது என்றார். அந்த அரசுக்கு ஒரு குறிப்பு. மேலே வணக்கம். பாதிரியார் கைதான செய்தியை ஆழ்ந்த கவலையோடு அறிந்தோம் என்று எழுதினேன். பென்சில் வந்து ‘ஆழ்ந்த’ என்பதை அடித்தது. பிறகு ‘கவலை’யை அடித்தது. அவர் அவர்களுடைய குடிமகன், பிற நாட்டு உள்விவகாரத்தில் நாம் தலையிடுவதில்லை, அதுவும் கோட்பாடு என்றார். குறைந்தபட்சம் ‘அறிந்தோம்’ என்றாவது இருக்கட்டும் சார் என்றேன். பென்சிலைப் பிடித்தபடி வெகுநேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ ஏன் அறிந்தாய் என்று அவர்கள் கேட்பார்கள். நாம் வாயைத் திறந்தால் அந்த நாற்காலியில் யார் இருந்தது என்று தெரிந்துவிடும். அவர் சொல்லாமல் வைத்திருப்பதை நாமே சொன்னதாகிவிடும்.”

அதையும் அடித்தார். தாளில் மேலே ஒரு வணக்கம் இருந்தது, கீழே ஒரு வணக்கம் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அங்கிருந்து மாற்றலாகும்வரை அவர் மேசையில் கடலையைப் பார்க்கவில்லை. ஒரு கோட்பாட்டைச் சுற்றிக்கொண்டு போக அந்தக் கிழவர் எங்களுக்கு வழியாக இருந்தார். அவரைச் சுற்றி இன்னொரு கோட்பாடு சுவராக நின்றபோது எங்களிடம் வழி இல்லை. தப்பு எங்கே என்று யோசித்து யோசித்து எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருந்தது.

சில வருடங்கள் கழித்து அந்த நாடு சமாதானம் ஆகி, இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே அரசு அமைத்தார்கள். டெல்லி ஒரே நாளில் வாழ்த்துச் சொன்னது. முன்பு எழுதக் கூடாது என்று கறாராக இருந்த அதே பிரிவிலிருந்து, ‘மாண்புமிகு வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கு’ என்று அழைப்பு போனது. மூக்குக்கண்ணாடிக்காரர் சிவப்புக் கம்பளத்தில் நடந்து வந்தார். நான் அப்போது டெல்லியில் இருந்தேன். மதிய விருந்தில் மேசைக் கடைசியில் எனக்கும் ஒரு இடம் கொடுத்திருந்தார்கள். அறிமுக வரிசையில் அவர் என் கையைக் குலுக்கினார். சந்தித்ததில் மகிழ்ச்சி என்றார். சந்தித்ததில் மகிழ்ச்சி என்றேன். இரண்டு அரசாங்கப் பதிவுகளின்படியும் அதுதான் எங்கள் முதல் சந்திப்பு.

சாப்பாடு முடிந்து எல்லோரும் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கமாக வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தட்டோடு நின்ற பரிமாறுபவரை நிறுத்தி, அவரிடம் பேசினார்.

“எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு குழாய்க்கிணறு இருக்கிறது. உங்கள் நாட்டுக்காரர் தோண்டியது. இன்னும் வற்றவில்லை. அதற்குப் பக்கத்தில்தான் ஒரு பாதிரியாரைப் புதைத்திருக்கிறோம். சிறையிலிருந்து நோயோடு வந்தார், அதிக நாள் இருக்கவில்லை. கடைசிவரை கேட்டார்களாம், வீட்டுக்கு வந்தது யார் என்று. வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவேன், பெயர் கேட்கும் வழக்கமில்லை என்று சொன்னாராம்.”

பரிமாறுபவருக்கு ஒன்றும் புரியவில்லை. எஸ் சார் என்றார். நானும் அவரிடம்தான் பேசினேன். தம்பி, எனக்கும் ஒரு கிளாஸ் தண்ணி குடுங்க என்றேன். அமைச்சர் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டார். நின்ற இடத்திலேயே இருவரும் குடித்து முடித்தோம்.

நான் ஓய்வு பெற்று அரூருக்கு வந்த பிறகு மாதேஷ் அவ்வப்போது வீட்டுக்கு வருவார். இப்போது பென்னாகரத்தில் சொந்தமாக மோட்டார் ரிப்பேர்க் கடை. வரும்போதெல்லாம், அந்த ஃபாதர் நல்லா இருக்காருங்களா என்று கேட்பார். விசாரித்துச் சொல்கிறேன் என்பேன். இந்தப் பதிலும் தொழில் கற்றுத்தந்ததுதான். தருமபுரியில் சால்வை வாங்கிக்கொண்டு வந்த அந்த வாரத்தில் அவர் மறுபடி வந்தார், மறுபடி கேட்டார். இந்தத் தடவை என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“அப்ப நமக்காகத்தானுங்களா?”

“ஆமாங்க. நம்ம ரெண்டு பேருக்காகத்தான்.”

“உங்க கோயில்ல எறந்தவங்களுக்குப் பூச வெப்பாங்களாமே. நாம வெக்கலாமுங்களா சாரு?”

மறுநாளே அவர் செல்வியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று பேருமாகப் பங்குச்சாமியாரைப் பார்க்கப் போனோம். வராந்தாவில் பூசைக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். யாருக்காக என்று சாமியார் கேட்டார். மாதேஷ் என்னைப் பார்த்தார். அவருக்கு ஃபாதர் என்பதற்கு மேல் தெரியாது. எனக்குத் தெரியும். தூதரகத்தில் எந்தக் கோப்பிலும் நான் எழுதாத பெயர், தூதரும் நானும் எங்களுக்குள்கூட உச்சரிக்காத பெயர். வீட்டில் என் மனைவியிடமும் சொன்னதில்லை.

பெயர் சொல்லுங்கள், பூசையில் வாசிக்க வேண்டும் என்றார் சாமியார்.

“பாஸ்கல்” என்றேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு முறையும் சொன்னேன். “ஃபாதர் பாஸ்கல்.”